துருவத்தில் ஒன்றரை ஷிப்ட்

வட துருவத்துப் பக்கம் போய்ப் பெயர் வாங்கிய பழைய கடலோடிகளில் பலர் அங்கே போவதற்காகக் கிளம்பியவர்களே இல்லை. நம்ம பக்கம் வரக் கிளம்பியவர்கள். சரித்திரப் புத்தகங்கள் இதை ‘வடகிழக்குக் கடல்வழித் தேடல்’ என்று மரியாதையாக எழுதும். திருப்பூர் நல்லூரில் காங்கயம் ரோட்டோரம் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு அவ்வளவு மரியாதை வருவதில்லை. டவுனுக்குள் போக வேண்டிய லாரி, குறுக்கு வழி என்று யாரோ சொன்னதை நம்பிக் காட்டுக்குள் திரும்பி, அச்சு முறிந்து நின்ற கதைதான் இது. நின்ற இடத்திலேயே கடை போட்டார்கள். கடை ஊரானது. ஊருக்கு முதலாளி வந்தார், ஷிப்ட் வந்தது, ஸ்ட்ரைக் வந்தது.

முதலில் அச்சு முறிந்தது இங்கிலீஷ்காரர்களுக்கு. 1550களின் தொடக்கத்தில் லண்டன் ஜவுளி வியாபாரிகளுக்கு நம்மூரில் அடிக்கடி வரும் அதே வியாதி வந்தது. சரக்கு தேங்கிவிட்டது. ஆண்ட்வெர்ப் சந்தையில் கம்பளித் துணி போகவில்லை. நாமாக இருந்தால் ஸ்டாக் லாட்டைக் காதர்பேட்டையில் தள்ளிவிட்டு அடுத்த ஆர்டரைப் பார்ப்போம். அவர்களுக்குக் காதர்பேட்டை இல்லை. ஆகவே சீனாவரை யோசித்தார்கள். தெற்கு வழியைப் போர்ச்சுக்கீசியர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். வடக்கே சுற்றிப் போனால் வழியெல்லாம் குளிர். குளிருகிற ஊரில்தானே கம்பளி விற்கும்? கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அந்தப் பனிக்கட்டியில் வாங்குவதற்கு ஆளில்லை என்பது ஒன்றுதான் குறை.

1553இல் மூன்று கப்பல்கள் கிளம்பின. தலைவர் சர் ஹ்யூ வில்லோபி. நல்ல உயரம், கம்பீரமான தோற்றம், போரில் கெட்டிக்காரர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கப்பல் ஓட்டிய அனுபவம் உண்டா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. புயலில் கப்பல்கள் பிரிந்தன. ஒரு கப்பலோடு தனியாகப் போன ரிச்சர்ட் சான்சலர் வெள்ளைக் கடலுக்குள் நுழைந்து, அங்கிருந்து மாஸ்கோ போய், இவான் மன்னரிடம் விருந்து சாப்பிட்டு, வியாபாரமும் பேசி முடித்துத் திரும்பினார். 1555இல் மஸ்கோவி கம்பெனி பிறந்தது. வில்லோபியோ, இன்றைக்கு மூர்மான்ஸ்க் என்ற தொழில் நகரம் இருக்கும் கரைப் பக்கம் இரண்டு கப்பல்களையும் நிறுத்திக் குளிர்காலம் போகட்டும் என்று காத்திருந்தார். குளிர்காலம் போயிற்று. அடுத்த ஆண்டு ரஷ்ய மீனவர்கள் வந்து பார்த்தபோது ஒருவருக்கும் உயிர் இல்லை. குளிரா, நோயா, அடைத்த அறைக்குள் கரிப்புகையா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கம்பளிக்கு மார்க்கெட் தேடிப் போனவர்கள் குளிர் தேசத்தில் முடிந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

இதைப் பார்த்தாவது மற்றவர்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். டச்சுக்காரர்கள் வந்தார்கள்.

வில்லெம் பேரண்ட்ஸ் ஏற்கெனவே வடக்கே போய் வழி கிடைக்காமல் திரும்பியவர். 1596இல் மூன்றாவது தடவை. ஜூன் மாதம் கூர் கூரான மலைகளோடு ஒரு நிலம் தெரிந்தது. இன்றைய ஸ்பிட்ஸ்பெர்கன். இதுதான் கிரீன்லாந்து என்று எழுதி வைத்துவிட்டு மேலே போனார். நோவயா செம்லியா தீவில் கப்பல் பனிக்கட்டிக்குள் மாட்டியது. 17 பேர், கப்பல் பலகையும் கரையில் ஒதுங்கிய மரமும் வைத்து ஒரு வீடு கட்டிக்கொண்டு துருவக் குளிர்காலத்துக்குள் உட்கார்ந்தார்கள்.

அந்தக் குழுவில் இருந்த கெரிட் டி வீர் என்ற மனிதர் டைரி எழுதினார். வீரசாகச நூல் என்று உலகம் கொண்டாடுகிறது. ஜவுளிக்காரன் கண்ணுக்கு அது ஒரு சலவைப் பட்டறையின் நஷ்டக் கணக்கு. நவம்பரில் குளிர் தாங்காமல் போனதும் தலைவர் ஹெம்ஸ்கெர்க் ஒரு துணிக் கட்டைப் பிரித்து வெட்டி ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துச் சட்டைகளைத் துவைத்தார்கள். கொதிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்துப் பிழிந்தால், பிழிகிற கையிலேயே சட்டை விறைத்துப் பலகையாகிவிடுகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் விரித்தால் நெருப்பைப் பார்த்த பக்கம் இளகுகிறது, மறுபக்கம் உறைகிறது.  கடைசியில் திரும்பவும் கொதிதண்ணீரில் போட்டுத்தான் சட்டையைப் பிரிக்க முடிந்தது. காலுறை கதை அதைவிட மோசம். காலை நெருப்புக்குள்ளேயே நீட்டினாலும் சூடு தெரியாது. கருகல் வாசனை வந்த பிறகுதான் காலுறை எரிவது தெரியும். மழைக்காலத்தில் துணி காயவில்லை, ஷிப்மென்ட் தள்ளிப் போகிறது என்று புலம்புகிறவர்கள் இந்த டைரியை ஒருமுறை படித்தால் நொய்யல் காற்றுக்குக் கற்பூரம் காட்டுவார்கள்.

1597 ஜூனில் இரண்டு திறந்த படகுகளில் கிளம்பினார்கள். சில நாளில் பேரண்ட்ஸ் இறந்தார். மிஞ்சிய 12 பேர் நவம்பர் 1ஆம் தேதி நரித்தோல் தொப்பியோடு ஆம்ஸ்டர்டாமில் வந்து இறங்கினார்கள். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. அங்கே அவர்களுக்கு ஒரு சேதி காத்திருந்தது. ஹௌட்மன் என்பவரின் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றித் தெற்கு வழியாகவே ஜாவாவுக்குப் போய், மிளகோடு ஆகஸ்டிலேயே திரும்பிவிட்டன. அந்த 12 பேரின் முகத்தை யாராவது வரைந்திருக்கலாம்.

ஹெம்ஸ்கெர்க் பாடம் படித்துக்கொண்டார். அடுத்த முறை தெற்கே வந்தார். 1603இல் சிங்கப்பூர்ப் பக்கம் ‘சாந்தா கத்தரினா’ என்ற போர்ச்சுக்கீசியக் கப்பலைச் சரக்கோடு பிடித்துக் கொள்ளையடித்தார். நரிக்கறி தின்று பனியில் கிடந்ததைவிட இது லாபமாக இருந்தது. கொள்ளையை நியாயப்படுத்த ஹ்யூகோ குரோஷியஸ் என்ற இளம் வக்கீலைப் பிடித்தார்கள். அவர் எழுதியதிலிருந்து வந்ததுதான் சர்வதேசக் கடல் சட்டத்தின் மூலநூல்களில் ஒன்று. நல்ல வக்கீல் கிடைத்தால் திருட்டு தத்துவமாகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை.

இதற்குப் பிறகு டச்சு வியாபாரம் இரண்டாகப் பிரிந்தது. தெற்கே வந்தவர்கள் பழவேற்காட்டில் இறங்கி, 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டி, சோழமண்டலக் கரைத் துணியை வாங்கிக் கிழக்கே கொண்டுபோய் வாசனைப் பொருளுக்கு மாற்றினார்கள். வடக்கே போனவர்கள் திமிங்கலத்தைக் கண்டார்கள். ஹட்சன் என்ற இங்கிலீஷ்காரர் 1607இல் துருவத்தின் மேலேயே ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடலாம் என்று கிளம்பி, ஸ்பிட்ஸ்பெர்கன் கரையில் திமிங்கலம் மலிந்து கிடக்கிறது என்ற செய்தியோடு திரும்பினார். அவ்வளவுதான், ஐரோப்பா கத்தியைத் தீட்டியது.

1619 வாக்கில் ஸ்பிட்ஸ்பெர்கனின் வடமேற்கு மூலையில் ஒரு சின்னத் தீவில் ஸ்மீரன்பர்க் முளைத்தது. துருவத்து முதல் தொழில் ஊர்களில் ஒன்று. திமிங்கலத்தைக் கட்டி இழுத்து வந்து, கரையில் உரித்து, கொழுப்பைத் துண்டு போட்டு, செங்கல் அடுப்பில் வைத்த பெரிய செப்புக் கொப்பரைகளில் காய்ச்சி, எண்ணெயைப் பீப்பாயில் அடைத்து அனுப்புவார்கள். விளக்குக்கும் சோப்புக்கும் அந்த எண்ணெய். ஆம்ஸ்டர்டாம் முதலாளிக்கு ஒரு கொப்பரை வரிசை, மிடில்பர்க் முதலாளிக்கு ஒன்று என்று வரிசையாகப் பட்டறைகள். வேலை கோடைகாலத்தில் மட்டும். கோடையில் அங்கே சூரியன் மறையாது. ஆகவே நைட் ஷிப்ட் பேட்டா என்று ஒன்றைக் கேட்கவே வழியில்லை. இப்படி ஒரு ஊர் அமையாதா என்று ஏங்குகிற முதலாளிகளை நான் அறிவேன். பெயர் வேண்டாம்.

பின்னாளில் எழுதியவர்கள் ஸ்மீரன்பர்க்கைப் பெரிய நகரமாக்கிவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்கள், கோயில், பேக்கரி, மதுக்கடை, சூதாட்டம், இன்னும் சொல்லக் கூசுகிற கடைகள் என்று ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு மாடி கட்டினார்கள். தொல்லியல்காரர்கள் போய்த் தோண்டினார்கள். 17 கட்டடம் கூடத் தேறுமா என்பது சந்தேகம். நல்ல காலத்தில் இருந்தவர்கள் 200 பேர் இருக்கலாம். நம்மூரில் ஒரு சுமாரான கம்பெனியின் ஸ்டிச்சிங் செக்‌ஷன். தொழில் ஊர்கள் எல்லாவற்றுக்கும் இந்த அதிர்ஷ்டம் உண்டு. உள்ளே இருப்பவனுக்கு நாற்றம், வெளியே இருப்பவனுக்குச் சொர்க்கபுரி.

குளிர்காலத்தில் கொப்பரையையும் சாமான்களையும் பக்கத்து நாட்டுக்காரர்கள் தூக்கிப் போனார்கள் என்று, 1633இல் ஏழு பேரைக் காவலுக்கு விட்டார்கள். ஏழு பேரும் பிழைத்தார்கள். ஆஹா, இது வேலைக்கு ஆகிறதே என்று அடுத்த ஆண்டு வேறு ஏழு பேரை விட்டார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. ஸ்கர்வி.

டச்சு திமிங்கலக் கம்பெனியின் ஏகபோகம் 1642இல் முடிந்தது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் வேட்டையாடலாம் என்றானதும் எல்லோரும் வந்தார்கள். விரிகுடாவில் திமிங்கலம் தீர்ந்தது. நடுக்கடலுக்குத் துரத்திப் போய்ப் பிடித்தார்கள். 1660 வாக்கில் ஊரே காலி. நொய்யல் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நாமும் அந்த 1660இன் வாசலை எட்டிப் பார்த்தவர்கள்தான். நமக்குச் சுத்திகரிப்பு நிலையம் என்று ஒரு வழி இருந்தது. தீர்ந்துபோன திமிங்கலத்தைச் சுத்திகரித்து எடுக்க முடியாது.

அடுத்த பெரிய முதலாளி சுற்றுலாப் பயணியாக வந்தார். 1901இல் ஜான் மன்றோ லாங்யீர் என்ற அமெரிக்கர் குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் ஸ்பிட்ஸ்பெர்கனில் வந்து இறங்கினார். மற்றவர்கள் பனிமலையைப் பார்த்தார்கள், அவர் நிலக்கரியைப் பார்த்தார். 1906இல் ஆர்க்டிக் கோல் கம்பெனி. அவர் பெயரிலேயே ஒரு ஊர், இன்றைய லாங்யீர்பியன். கூட்டாளி யார் தெரியுமா? பாஸ்டன் பக்கத்து ஃபிரெடரிக் ஏயர். மருந்து விற்றுச் சம்பாதித்து, மில்களை வாங்கி, அமெரிக்கன் வூலன் கம்பெனி என்ற மாபெரும் கம்பளி சாம்ராஜ்யத்தின் முதல் தலைவராக இருந்தவர். வில்லோபி கம்பளி விற்க வந்து செத்த கடலுக்கு, 350 ஆண்டு கழித்துக் கம்பளி முதலாளியே கரி எடுக்க வந்துவிட்டார். பனியன் கம்பெனி நன்றாக ஓடினால் ரியல் எஸ்டேட்டில் போடுவது நம்ம வழக்கம். அவர் துருவத்தில் போட்டார். 1916இல் நார்வேக்காரர்களிடம் விற்றுவிட்டு அமெரிக்கர்கள் நடையைக் கட்டினார்கள்.

வாங்கிய ஸ்டோர் நோர்ஸ்கே கம்பெனி ஊரையே கையில் வைத்திருந்தது. வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது. நோட்டு கூடக் கம்பெனியே அச்சடித்தது. கம்பெனி கொடுத்த நோட்டைக் கம்பெனிக் கடையில் கொடுத்துச் சாமான் வாங்க வேண்டும். 1980 வரை இது நடந்தது. சுரங்கத்துக் கரித்தூள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று வாசலிலேயே பூட்ஸைக் கழற்றும் வழக்கமும் அப்போது வந்ததுதான். இன்றும் அந்த ஊரில் பல ஹோட்டல்களிலும் மியூசியத்திலும் செருப்பு வெளியேதான். துருவத்துக்குப் போகிற தமிழனுக்கு ஊர் நினைப்பு வரும் ஒரே இடம் அந்த வாசல்.

இப்போது நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கட்டம். யாருக்கும் சொந்தமில்லாத ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக் கூட்டத்தை என்ன செய்வது என்று 1920 பிப்ரவரி 9ஆம் தேதி பாரிஸில் ஒப்பந்தம் போட்டார்கள். ஆட்சி நார்வேக்கு. ஆனால் கையெழுத்திட்ட நாட்டுக்காரர்கள் எல்லோரும் அங்கே சமமாகப் போகலாம், தொழில் செய்யலாம், சுரங்கம் தோண்டலாம், வியாபாரம் பண்ணலாம். கையெழுத்திட்ட நாடுகளில் இந்தியாவும் உண்டு. நம்மை யாரும் கேட்கவில்லை. பிரிட்டனுக்காகக் கையெழுத்திட்ட டெர்பி பிரபு, பேனாவை மூடுவதற்கு முன் இந்தியாவுக்காகவும் ஒன்று போட்டுவிட்டார். நம் பெயரில் வெள்ளைக்காரர்கள் போட்ட கையெழுத்துகளில் நமக்கு லாபமாக முடிந்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஓவர்லாக் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் நண்பரிடம் டீக்கடையில் இதைச் சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டார்.

“நெசமாவாங்ணா? நாம போயி அங்க கம்பெனி போடலாங்களா?”

“தாராளமா. விசாவே வேண்டாம்.”

“அப்பறம் ஏனுங் யாரும் போகல?”

“அங்க விசா வேண்டாம். ஆனா நார்வே வழியாத்தான் போகோணும். அதுக்கு விசா வேணும்.”

“அதானே பாத்தேன். லேபர் கெடைக்குமாங்?”

“ஊர் எல்லைய விட்டு வெளிய போனா துப்பாக்கியோட போகோணும் தம்பி. கரடி வரும்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “கரடிகூடப் பரவால்லீங்ணா. அட்வான்ஸ் வாங்கிட்டு ஓடாது.”

அவருக்கு இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. துருவத்தில் பருத்தி பனியன் எமன். வியர்வையைக் குடித்து ஈரத்தைப் பிடித்து வைத்து உடம்பைக் குளிரவைத்துவிடும். பனிப் பிரதேசத்துக்குப் போகிறவர்களுக்குச் சொல்லும் முதல் புத்திமதியே உள்ளே பருத்தி போடாதே என்பதுதான். நம்ம ஊரின் மொத்தச் சரக்கும் அங்கே எமதர்மன் யூனிபார்ம். நண்பர் பாக்கி டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஒப்பந்தத்தை நம்பிப் போன மற்றவர்களும் பெரிதாக வாழ்ந்துவிடவில்லை. பேரண்ட்ஸ் பெயரிலேயே பேரண்ட்ஸ்பர்க் என்று டச்சுக்காரர்கள் தோண்டிய ஊரை 1932இல் சோவியத்திடம் விற்றார்கள். ரஷ்யர்களின் இன்னொரு சுரங்க ஊரான பிரமிடன் 1998இல் மூடியது. எல்லோரும் போன பிறகும் லெனின் சிலை மட்டும் டூட்டியில் நிற்கிறது. நியூ ஒலசுண்டில் நார்வே அரசாங்கத்தின் சுரங்கம். 1962 நவம்பர் 5ஆம் தேதி அங்கே வெடிவிபத்தில் 21 பேர் இறந்தார்கள். அந்த விவகாரத்தில் அடுத்த ஆண்டு பிரதமர் கெர்ஹார்ட்சனின் அரசாங்கமே கவிழ்ந்தது. இதில் நகைச்சுவை ஏதும் இல்லை. தொழிலாளி செத்ததற்கு அரசாங்கம் பதவி இழந்தது என்று நம்மூரில் சொன்னால்தான் சிரிப்பார்கள்.

மூடிய அந்தச் சுரங்க ஊர்தான் இன்றைக்கு ஆராய்ச்சி ஊர். டெர்பி பிரபு கையெழுத்துப் போட்டு 88 ஆண்டு கழித்து, 2008 ஜூலையில் இந்தியா அங்கே ‘ஹிமாத்ரி’ நிலையத்தைத் திறந்தது. 2014இல் அந்த ஊருக்கு எதிரே உள்ள கோங்ஸ்ஃபியோர்டனில் 192 மீட்டர் ஆழத்தில் இறக்கிய ‘இண்டார்க்’ என்ற அளவைக் கருவித் தொகுதியை வடிவமைத்தது சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். துருவக் கடல் எவ்வளவு சூடாகிறது, அதனால் நம்ம பருவமழை என்னாகும் என்று பார்க்கிறார்கள். திமிங்கலம், கரி இரண்டையும் எரித்து வந்த சூட்டை அளக்கப் போனவர்கள் பள்ளிக்கரணைக்காரர்கள் என்பதில் எனக்கு அற்பமான ஒரு பெருமை உண்டு.

இதற்கிடையே 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடித் திருப்பூருக்கு வந்தார். 1553இல் கிளம்பிய ஐரோப்பா, 425 ஆண்டுகளில் ஒருவழியாகச் சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் நரித்தோல் தொப்பி போட்டிருக்கவில்லை, பம்பாய் வழியாக வந்தார்.

கடைசியாக இன்னொரு தொப்பி விஷயம். 1980 வாக்கில் டச்சுத் தொல்லியலாளர்கள் ஸ்பிட்ஸ்பெர்கனில் திமிங்கல வேட்டையாட்களின் 185 கல்லறைகளை ஆராய்ந்தார்கள். உறைந்த மண் துணியைக் கெடாமல் வைத்திருந்தது. எலும்புக்கூட்டுத் தலைகளில் கையால் பின்னிய கம்பளித் தொப்பிகள் அப்படியே இருந்தன. பட்டை பட்டையாக நிறம், நம்ம பாஷையில் சொன்னால் ஃபீடர் ஸ்ட்ரைப். ஆளுக்கு ஒரு தினுசு. கண்ணைத் தவிர எல்லாம் மூடியிருந்த குளிரில், எதிரே வருகிறவன் யார் என்று தொப்பியின் பட்டையை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். இன்று அவை ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கின்றன. ஸ்மீரன்பர்க்கை வைத்துச் சம்பாதித்த கம்பெனி இல்லை, காய்ச்சிய எண்ணெயில் ஒரு சொட்டு இல்லை, விரிகுடா நிறைய இருந்த திமிங்கலம் இல்லை. லாங்யீர்பியனிலும் நார்வேயின் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை 2025 ஜூனில் மூடிவிட்டார்கள். முன்னூறு நானூறு ஆண்டு தாண்டி நிற்பது, பெயர் தெரியாத யாரோ ஒருவர் பிசிறு விடாமல் முடிச்சுப் போட்ட பின்னலாடை மட்டும்.

ஆகவே சரித்திரத்தின் தீர்ப்பு பின்னலாடைக்காரர்களுக்குச் சாதகம். அடுத்த ஷிப்மென்ட் பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் செக்கிங் செக்‌ஷனில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பையர் ஒருமுறை பார்த்தால் போதும் என்று விட்டுவிட வேண்டாம், தோண்டி எடுத்தும் பார்ப்பார்கள்.